தக்காளிச் செடிக்கு ஒரு மிஸ்டு கால்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு தக்காளிச் செடிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். ஞானசிகாமணியை நன்றாக அறிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். மற்றவர்களுக்கு விளக்கம் பின்னால் வருகிறது. மணி போய்க்கொண்டிருக்கும்போதே சிகாமணியின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஆலயத்துக்குக் கிளம்பும் முன் வழக்கம்போல விசாரிக்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, எடுத்த உடனே கத்தினேன்: "எலே, குடுத்தாச்சு, குடுத்தாச்சு! நீ போய் ஜெபம் பண்ணுலே!"

பேசியது அவன் மனைவி சுகந்தி. "அண்ணா, நான் சுகந்தியாக்கும். அவிய கோயிலுக்குப் போவதுக்கு ஷூ மாட்ட உக்காந்தாவ. பொறவு எழும்பவே இல்ல."

அவளிடம் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவன் மரணச் செய்திக்கு என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை ஒரு அதட்டல் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதுவும் பொருத்தம்தான். இருபது வருடத்தில் நாங்கள் மென்மையாகப் பேசிக்கொண்ட நாள் ஒன்றுகூட இல்லை.

உதியன்குளங்கரையில் எங்கள் கடைகள் இரண்டுக்கும் ஒரே சுவர். அவனுடையது படச்சட்டக் கடை. கல்யாணப் படம், வேத வசனப் படம், சாமி படம், செத்தவர் படம் எல்லாவற்றுக்கும் அவன் கையால்தான் சட்டம். என்னுடையது டி.வி. பழுது பார்க்கும் கடை. இரண்டுக்கும் பின்னால் ஆறடிக்கு எட்டடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, பொதுச் சொத்து. என்னுடைய செத்த டி.வி.க்களும் அவனுடைய உடைந்த கண்ணாடிகளும் அங்கே கிடக்கும். யாருடைய குப்பை அதிகம் என்பதுதான் எங்கள் தினசரி வழக்கு.

அந்த அறை தோட்டமானதற்குக் காரணம் ஏலம். பாறசாலைப் பக்கத்துப் பழைய மிஷன் சபைகளில் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவரவர் விளைவித்த முதற்பலனை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஏலம் விடுகிறவர் பொருளைத் தலைக்கு மேல் தூக்கி, முதலில் யாருடைய தோட்டம் என்று கூவ வேண்டும். "தாசையனுக்க தோட்டத்தில விளைஞ்ச ஏத்தன் வாழைக்குலை!" அந்தக் கூவல்தான் மரியாதை. விலையெல்லாம் அதற்குப் பிறகு.

சிகாமணியின் தோட்டம் சாலை விரிவுக்குப் போய்விட்டது. மிஞ்சிய வீட்டின் மேல் தகரக் கூரை, சுற்றிலும் அடுத்தவர்களின் ரப்பர் மரம், முற்றத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட வெயில் விழாது. எந்திரம் வந்து தோண்டுவதற்கு முந்தின நாள் அவன் இரண்டு சாக்கு மண்ணை அள்ளி எங்கள் பின்னறையில் கொண்டுவந்து வைத்தான். "மண்ணையா குப்பையில சேக்குத?" என்று அன்றைக்கும் சண்டை போட்டேன். அந்த வருடப் பண்டிகைக்கு அவன் சந்தையில் ஒரு நல்ல பூசணிக்காய் வாங்கிக் கொண்டுபோனான். ஏலம் விடுகிற வில்சன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கூவினார்: "ஞானசிகாமணி கொண்டு வந்த பூசணிக்காய்!"

கொண்டு வந்த. அவ்வளவுதான். வில்சன் கெட்டவர் அல்ல. ஆலய முற்றத்தில் பொய் கூவ அவருக்கு நாக்கு வராது. ஆனால் மறுநாள் கடைக்கு வந்த சிகாமணி ஒரு கண்ணாடியைக் கோணலாக வெட்டினான். அவன் கோணலாக வெட்டி நான் பார்த்ததே இல்லை. அடுத்தடுத்த வருடங்களிலும் "கொண்டு வந்த" வெள்ளரி, "கொண்டு வந்த" சேனை. நாலாவது வருடம் அவன் என் மேசைமேல் கையை ஊன்றிச் சொன்னான்: "எலே மணியா, நீ டி.வி.க்குள்ள லைட்டு போடுதவன் தானே. அந்த ரூமுக்குள்ள எனக்கொரு வெயில் போட்டுத் தா."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் புல்லரித்தது! இத்தனை வருடம் அடுத்தவர் செய்த பெட்டியைப் பிரித்து மூடியதுதான் என் பிழைப்பு. ஒரு வெயிலை நானே செய்யலாமா! ஆனால் அவன் பொறுக்கவில்லை. நான் படித்துப் பார்த்து முடிப்பதற்குள் போனில் பார்த்து ஒரு செடி விளக்கை வரவழைத்துவிட்டான். பெட்டியில் ஆயிரம் வாட் என்று போட்டிருந்தது. மீட்டரை வைத்தேன், நூறுகூட இழுக்கவில்லை. போட்டால் அறை முழுக்க ஊதா. கதவிடுக்கில் ஒழுகிய நிறத்தைப் பார்த்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து மலையாளத்தில் கேலி செய்தார். "எந்தா சேட்டா, அகத்து டான்ஸ் உண்டோ?"

அந்த ஊதாதான் அவன் தொட்டிகளில் நட்ட முதல் தக்காளி விளைச்சலைக் கொன்றது. அந்த வெளிச்சத்தில் எல்லா இலையும் ஒரே கறுப்பு. பழுத்ததும் தெரியாது, பூச்சி அரித்ததும் தெரியாது. ஒருநாள் டார்ச்சைக் கொண்டுபோய் அடித்துப் பார்க்கும்போது இலைக்கு அடியில் வெள்ளைப் பூச்சி சந்தை கூடியிருந்தது. மொத்தத்தையும் பிடுங்கி எரித்தோம். அந்த வருடமும் அவன் சந்தைக்குத்தான் போனான்.

பிறகு நாங்களே கட்டினோம். மக்களே, அந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்ல! மனிதர்கள் புழங்கும் வெள்ளை வெளிச்சமே போதும், கூடக் கொஞ்சம் அடர்சிவப்பு சேர்த்தால் பூவுக்கு நல்லது என்று நான் கண்டுபிடித்தேன். எல்.இ.டி. பட்டைகளை எதில் ஒட்டுவது? சூடு இறங்க அலுமினியம் வேண்டும். நான் தகரக் கடைக்குப் புறப்பட்டபோது அவன் தன் கடையைக் காட்டினான். சுவர் நிறைய அலுமினியச் சட்டங்கள்! நாலு மூலையும் நூல் பிடித்தாற்போலச் சேரும்படி வெட்டி, சட்டத்துக்குள் சட்டமாக மூன்று அடுக்கு செய்தான். படமில்லாத படச்சட்டம். நான் சூடு கடத்தும் பசை தடவிப் பட்டைகளைப் பதித்து, ஈயம் வைத்து இணைத்தேன். மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் பெட்டியை, சூடு உள்ளே தங்காமலிருக்க அறைக்கு வெளியே மாட்டினேன். விளக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் படம் மாட்டும் சங்கிலியும் கொக்கியும் வந்துவிட்டன. சுவருக்கு வெள்ளை அடித்தோம். சுவிட்சைப் போட்டேன். நடுப்பகல் வந்து அறைக்குள் நின்றது! இரண்டு கிழடுகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குதித்தோம். அவன் அழுதான்; கண்ணில் வெளிச்சம் பட்டது என்று சொன்னான்.

விளக்கைச் செடிக்கு மிகப் பக்கத்தில் தொங்கவிட்டது என் பிழை. இலை இருக்கும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. அதனால் சரி என்று விட்டுவிட்டேன். நாலு நாளில் மேல் இலையெல்லாம் வெளுத்தது. அவன் சங்கிலியில் நாலு கண்ணி உயர்த்திவிட்டுச் சொன்னான்: "கையைக் கேக்காதலே, இலையைக் கேளு." அதற்கப்புறம் நான் அந்த வாசகத்தை எத்தனையோ இடத்தில் பயன்படுத்திவிட்டேன், அவன் பெயரைச் சொல்லாமல்.

அவனுடைய பிழை வேறு மாதிரி. அதை அவன் ஒருவனால்தான் செய்ய முடியும். திங்கட்கிழமை காலைகளில் செடிகள் எல்லாம் கதவிடுக்குப் பக்கம் கழுத்தை நீட்டிச் சோர்ந்து நிற்கும். மொட்டு உதிர்ந்து கிடக்கும். விளக்கில்தான் கோளாறு என்று நான் எல்லா இணைப்பையும் மறுபடி சோதித்தேன். ஒரு ஞாயிறு, கிரிக்கெட் காரணமாக அவசர வேலை வந்து கடை திறந்தேன். பின்னறை கும்மிருட்டு! சனிக்கிழமை கடை அடைக்கும்போது இந்த மனிதன் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறான்! நான் போட்டேன். திங்கட்கிழமை அவன் வந்து தாண்டவம் ஆடினான்.

"ஓய்வு நாளாக்கும். செடிக்கும் உண்டு ஓய்வு!"

"ஞாயித்துக்கெழம சூரியன் லீவு எடுக்குதாலே?"

"அது கர்த்தர் போட்ட லைட்டு. இது நான் போடுதது. ஞாயித்துக்கெழம நான் வேலை செய்யமாட்டேன்."

எட்டு நாள் பேச்சில்லை. ஒன்பதாம் நாள் நான் ஒரு டைமரை வாங்கிச் சுவரில் மாட்டினேன். காலை ஆறுக்குத் தானே போடும், இரவு எட்டுக்குத் தானே அணைக்கும். அவன் அதை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு தீர்ப்புச் சொன்னான்: "நான் சனிக்கிழமையே எனக்க வேலையை முடிச்சாச்சு. ஞாயித்துக்கெழம அது செய்யுதது அதுக்க காரியம்."

செடிகள் திமிராக வளர்ந்தன, பூத்தன. ஆனால் காய் பிடிக்கவில்லை. அறைக்குள் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. பூவை யார் உலுக்குவது? விரலால் தட்டினால் காம்பு ஒடிந்தது. அப்போது என் மேசையில் கிடந்த, அவனுடைய பழைய எண் போட்ட பட்டன் போன் யாரோ கூப்பிட அதிர்ந்தது, அதிர்ந்துகொண்டே மேசை ஓரத்துக்கு நடந்துபோனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். ஒரே நேரத்தில் பாய்ந்தோம்! செடிகளைக் கட்டியிருந்த குச்சியில் அந்தப் போனை டேப் போட்டு ஒட்டினோம். என் கடையிலிருந்து மணி கொடுத்தேன். பூக்கள் நடுங்கின, மகரந்தம் மஞ்சள் புகையாக உதிர்ந்தது. "இன்னொண்ணு குடுலே, இன்னொண்ணு குடு!" என்று அவன் உள்ளேயிருந்து கத்தியது டீக்கடை வரை கேட்டது. தினமும் காலை ஒன்பது மணிக்குப் பூவுக்கு மிஸ்டு கால் என்று முடிவானது. ஞாயிறு மட்டும் என் பொறுப்பு. "உனக்கு ஓய்வு நாள் கெடையாதுல்லா, நீ குடு" என்றான். என் மதத்தால் அவனுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்று சொல்லிச் சிரிப்பான்.

அவன் போன அன்று கீழ்க்கொத்தில் ஏழு காய் பச்சையாக நின்றது. பண்டிகைக்கு நாலு வாரம் இருந்தது. அடக்கத்துக்குப் போய் வந்தேன், கடை திறந்தேன், மிஸ்டு கால் கொடுத்தேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்? காய்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறத் தொடங்கியபோது சுகந்தி வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்களே கொண்டு போவணும்" என்றாள்.

போன ஞாயிறு வெள்ளை வேட்டி கட்டி, ஏழு தக்காளியை அவன் செய்து வைத்திருந்த ஒரு சட்டப்பெட்டியில் அடுக்கி, வாழ்க்கையில் முதல்முறையாக ஏலத்தில் போய் நின்றேன். என் முறை வந்தது. வில்சன் பெட்டியை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ரூமுக்குள்ள காய்ச்சதுன்னு சொல்லுதாவ. உள்ளதா?"

"உள்ளது."

"வெயில்?"

"நாங்க செஞ்சது."

"மண்ணு?"

அவர் கேட்கும்வரை எனக்கே தோன்றவில்லை. அந்தச் செடிகள் நின்ற தொட்டிகளில் என்ன மண் இருந்தது! "அவனுக்க தோட்டத்து மண்ணாக்கும்," என்றேன். "ரோட்டுக்கு எடுக்குததுக்கு முந்தின நாளு ரெண்டு சாக்கு அள்ளி வச்சான். வேற மண்ணு ஒரு பிடி கலக்கல்ல."

வில்சன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். நான் அவசர அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துச் செடியின் எண்ணை அழுத்தினேன். மணி போகத் தொடங்கியதும் முற்றம் முழுக்கக் கேட்கும்படி அவர் கூவினார்:

"ஞானசிகாமணிக்க தோட்டத்தில விளைஞ்ச தக்காளி!"

விலை எவ்வளவுக்குப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை, நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன்.

அவனுடைய கண்ணாடி வெட்டும் வைரக் கத்தியை மகன் எடுத்துக்கொண்டான், வேதாகமம் சுகந்தியிடம் இருக்கிறது. எனக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமையும் தானே எரியும் ஒரு விளக்கு, அதன் கீழே இரண்டு சாக்கு மண், என் போனில் 'சிகாமணி பூ' என்ற பெயரில் ஓர் எண். மேல்கொத்தில் இப்போது புதிதாகப் பூ வந்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு நான் கூப்பிடுகிறேன். யாரும் எடுப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் செடி ஆடுகிறது.