சுவரில் ஒரு பென்சில் வட்டம்

உங்கள் வீட்டில் காற்றே வராத அறை எது? பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருந்தால், அந்த அறைக்கு நீங்கள் அதிகம் போகாதவர் என்று பொருள்.

வயர்மேன் ஒருவர். தெருவில் பாதி வீடுகளுக்கு மின்விசிறி மாட்டியது அவர் கைதான். சொந்த வீட்டிலும் கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று சுழல்கிறது. சமையலறைக்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று மனைவி கேட்டாள். அவரும் மறுக்கவில்லை. ஏணி போட்டு ஏறி, அடுப்புக்கு மேலே அளவெடுத்து, சுவரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டை போட்டுடறேன்."

ஃபேன் அட்டைப்பெட்டியோடு பரணில் ஏறியது. ஆயிற்று பதினோரு வருடம். வாராவாரம் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும்போது அந்தக் கோடு அழியாமல் சுற்றித் துடைப்பாள். அழிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டுமே!

"என்னங்க, இந்த வாரமாவது..."

"ஆறு நாளும் ஏணி மேலதான் நிக்கறேன். வீட்லயும் ஏறணுமா?"

கூடத்து விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தபடி மாமியார் சொல்வார்: "நாங்கல்லாம் விறகடுப்புல வேகலையா? உனக்கென்ன, திருகினா எரியுது."

"நீங்க வெந்தது போதாதா அத்தை?"

"உன் வாய் மட்டும் வேகவே மாட்டேங்குது!"

நேற்று ஒருத்தி வெந்ததே இன்று இன்னொருத்தி வேகுவதற்கு நியாயமாம். இதற்குப் பெயர் அனுபவமாம்!

போன மாதம் ஒரு பகலில் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். மணிக்கட்டு பிசகிவிட்டது. பத்து நாள் கையை அசைக்கவே கூடாது என்றார் டாக்டர். மாமியாருக்கு முட்டி வலி. கரண்டி வயர்மேன் கைக்கு வந்தது.

முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் பாதிச் சமையலில், பனியன் உடம்போடு ஒட்டிக்கிடக்க வெளியே வந்தார்.

"ஏண்டி, இது அடுப்படியா, செங்கல் சூளையா? மனுஷன் நிப்பானா இதுல?"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அவரையே பார்த்தாள். மனிதன் நிற்க முடியாத இடத்தில் இத்தனை வருடம் நின்றது என்னவாம்?

அன்று மாலையே பெட்டி பரணிலிருந்து இறங்கியது. டிரில் மெஷின் உறுமியது. மொத்தமே ஒன்றரை மணி நேர வேலை.

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அக்காவுக்கு உடம்பு முடியலன்னதும் அண்ணன் எப்படித் துடிச்சுப் போயிட்டார் பாருங்க! நீங்க குடுத்து வச்சவங்க அக்கா."

வயர்மேன் அடக்கமாகச் சிரித்தார்.

"அவருக்கு வேர்த்துச்சு, போட்டாரு," என்றாள் மனைவி.



இதைப் படிக்கும் ஐயா, உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். நாளை உங்கள் வீட்டு அடுப்பு எரியும்போது போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வேடிக்கை பார்க்க அல்ல, கரண்டியோடு. யாரும் மயங்கி விழும்வரை காத்திருக்காமல், மறுநாளே ஏணியை எடுங்கள்.