கண்டதையும் கொத்தும் கருவி

கோத்தன்பர்க் துறைமுகத்தில், தீவுப் படகுகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் எங்களுடையது. எனக்கு அடுத்த மேசை உல்ரிகாவுடையது. மென்பொருளில் பிழை தேடும் கருவி ஒன்றை அவள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று மூல நிரலோடு இணையத்தில் போட்டிருந்தாள். பெயர் 'மோஸ்', ஸ்வீடிஷ் மொழியில் கடற்காகம். நம் கையிலிருக்கும் இறால் ரொட்டியைக்கூட விடாமல் கொத்தும் பறவை. கருவியும் அப்படித்தான். 'இது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும்' என்று ஒரு விதியைக் கொடுத்தால் போதும். கண்டதையெல்லாம் உள்ளே தள்ளி விதியை உடைக்கப் பார்க்கும். உடைந்துவிட்டால், வேண்டாததைக் கழித்துப் பிழையை மிகச் சின்னதாக்கிக் காட்டும்.

குறை சொல்ல உலகமெங்கும் ஆட்கள் இருந்தார்கள். சரிசெய்ய அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே கரைந்தன.

ஒரு நாள் காப்பி வேளையில், புதிதாகச் சேர்ந்த ஹென்னிங் மார்தட்டினான்.

"என் முன்பதிவுல ஓட்டையே கிடையாது. எல்லாத்தையும் சோதிச்சுட்டேன்."

"உனக்குத் தோணினத சோதிச்சிருப்ப," என்றாள் உல்ரிகா. "தோணாதத?"

காலி இருக்கைகள் படகின் மொத்த இருக்கைகளைத் தாண்டக் கூடாது என்று விதி எழுதி மோஸை ஏவினாள். கோப்பை காலியாகுமுன் விடை வந்துவிட்டது: ஒரு சீட்டு எடு, ரத்து செய், அதையே மறுபடி ரத்து செய். படகில் இல்லாத இருக்கை ஒன்று முளைத்திருந்தது.

"எந்தப் பைத்தியம் ஒரே சீட்ட ரெண்டு தடவ ரத்து பண்ணும்?"

"நான்தான்பா," என்றேன். "பட்டன அழுத்தினேன், ஒண்ணும் நடக்கல. திரும்ப அழுத்தினேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. காது சிவந்த ஹென்னிங் அன்றே மோஸின் மூல நிரலைத் திறந்தான். பழிவாங்கத்தான். 'சுருக்கிய பிழை முதலில் கண்டதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது' என்று விதி எழுதி, மோஸையே மோஸின் மேல் ஏவினான். அடுத்த வாரம் துள்ளிக்கொண்டு வந்தான்.

"உன் பறவை தன் வாலயே கொத்துது, பாரு! மைனஸ் எண் கொடுத்தா சுருக்காம பெருசாக்குது."

அவள் முகம் வாடும் என்று நினைத்தேன். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு அவனைக் கட்டிப்பிடித்தாள்.

"இத்தன வருஷத்துல உள்ள புகுந்து பாத்த முதல் ஆள் நீதான். சரி, திருத்தியும் கொடு."

"நானா?"

"கண்டுபிடிச்சவன் நீதானே! நழுவப் பாக்காத."

திருத்தினான். அதன்பின் வந்தவற்றையும் திருத்தினான். மே மாதம், மோஸில் மாற்றம் செய்யும் முழு உரிமையையும் அவனுக்கும் கொடுத்தாள். அந்தக் கோடையில்தான் அவள் முதன்முறையாகக் கணினி இல்லாமல் விடுமுறைக்குத் தீவுக்குப் போனாள். ஆனாலும் மனம் கேட்காமல் ஹென்னிங்கைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள்.

"ஏதாவது பிழை வந்துச்சா?"

"வந்துச்சு. நீ போய் நீந்து," என்று வைத்துவிட்டானாம்.