ஐந்து பள்ளிகள், ஒரே மணல் மைதானம்

மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஒரு பாவம் செய்தேன். கையைத் தூக்கினேன்.

கையைத் தூக்குவதில் என்ன பாவம் என்கிறீர்களா? கேளுங்கள்.

ஃபஹாஹீலில் என் மகன் படிக்கிற பள்ளியின் லைப்ரரியில் மீட்டிங். குவைத்தில் இருக்கிற இந்தியப் பள்ளிகளுக்கிடையே வருஷா வருஷம் ஃபுட்பால் போட்டி நடக்கும். எந்தப் பள்ளி எந்த மண்டலத்தில் ஆட வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க ஒரு கமிட்டி உண்டு. எனக்கு ஆஃப் சைடு என்றால் என்னவென்று என் மகன் நாலு வருஷமாக விளக்குகிறான்; இன்னும் விளங்கவில்லை. பிறகு நான் எப்படிக் கமிட்டியில்? பத்திரிகையில் எழுதுகிறவள் என்றால் வீட்டில் சும்மாதான் இருப்பாள் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. 'மேடம், சுவனீர்ல நம்ம மண்டலங்களைப் பத்தி அன்றும் இன்றும்னு ஒரு கட்டுரை...' என்று இழுத்துவிட்டார்கள்.

அஜெண்டாவில் நாலாவது ஐட்டத்துக்கு வந்தபோது சமோசாவும் வந்துவிட்டது. தலைவர் ரகுநாதன் சார்தான் படித்தார். எங்கள் பள்ளியின் நிர்வாக அதிகாரி. எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார்.

"இந்த சீசன்லேர்ந்து சொந்த கிரவுண்ட் இருக்கற ஸ்கூல்ஸ் மட்டும்தான் லீக்ல ஆடலாம். ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு வேணும் இல்லையா? ஆதரிக்கறவா கை தூக்கலாம்."

சுற்றிலும் கைகள் எழுந்தன. என் வலது கையில் சமோசா. இடது கையைத் தூக்கினேன்.

எதிர் நாற்காலிக்காரர் ஒருவர் மட்டும் தூக்கவில்லை. ஜெரால்டு சார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். இங்கே ஒரு சின்னப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். பள்ளிக்குப் பெயர் இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அது 'வில்லா ஸ்கூல்'தான்... வாடகை வில்லா ஒன்றில் நடப்பதால். மீட்டிங் முடிந்ததும் அஜெண்டா பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சமோசாவைத் தொடவில்லை.

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். "என்ன சார், நீங்க ஒண்ணுமே பேசலையே?"

"என்னத்த மேடம் பேச? எங்க ஸ்கூலுக்கு முன்னால பஸ் நிக்கதுக்கே எடமில்ல. கிரவுண்டுக்கு எங்க போவ? பதினாலு பிள்ளைய இருக்கானுவ. கார் பார்க்கிங்ல வச்சுத்தான் பழக்குதேன். எட்டு மாசமா அந்த சிமெண்டுல விழுந்து எந்திரிச்சு, முட்டு பூரா சிராய்ப்பு. இனி மேட்ச் கெடையாதுன்னு அவனுவகிட்ட எந்த மொகத்த வச்சு சொல்லதுன்னு தெரியல."

"முடிவாயிடுச்சா சார்?"

"அடுத்த மீட்டிங்ல மினிட்ஸ் பாஸ் ஆவும். அதோட கலாஸ்." இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் கையத் தூக்கினியளே மேடம்."

அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன்.

அந்த வாரம் முழுவதும் மனசு சரியில்லை. கட்டுரையாவது எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன். 'இன்று' கண் முன்னால் இருக்கிறது. 'அன்று'க்கு எங்கே போவது? லைப்ரரி அலமாரியின் அடித்தட்டைக் குடைந்ததில் ஒரு பழைய ஃபைல் கிடைத்தது. தூசியில் நாலு தும்மல். ஐந்தாவது தும்மலுக்கு முன்னால், முதல் வருஷத்து மண்டலப் பட்டியல் வெளியே வந்தது.

கையால் எழுதியது. ஈராக் சண்டை முடிந்து, மூடிக்கிடந்த பள்ளிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலம். மொத்தமே ஐந்து பள்ளிகள், இரண்டு மண்டலங்கள். மேப்பை விரித்து வைத்துப் பிரித்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. பஸ் ரூட்டைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்! வடக்கே தள்ளி அப்பாஸியாவில் இருந்த பள்ளி 'தெற்கு மண்டலம்'. ஏன்? அதன் பஸ் கான்ட்ராக்டர் தெற்கே ஃபஹாஹீல்காரர். காலையில் பஸ் சும்மா தெற்கே வரும். டீமையும் ஏற்றிக்கொண்டு வரட்டுமே என்று போட்டுவிட்டார்கள். இன்று கம்ப்யூட்டர் நாலு மண்டலம் பிரிக்கிறது; கமிட்டி தலையாட்டுகிறது. அதில் தப்பு வந்தால் திட்டுவதற்கு ஆளே இல்லை.

அந்த ஐந்து பள்ளிகளும் இன்று எப்படி இருக்கின்றன? ஒன்று சால்மியாவுக்குப் போய் நீச்சல் குளம் கட்டிக்கொண்டது. அப்பாஸியா பள்ளியில் இடம் போதாமல் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட். ஒன்று மூடியே போனது. எங்கள் பள்ளியில் பச்சைப் பசேலென்று செயற்கைப் புல், ஸ்கோர் போர்டு, கேலரி. ஐந்தாவது? வில்லா ஸ்கூல். அன்றும் அதே வில்லா, இன்றும் அதே வில்லா.

ஆனால் என்னை நிறுத்தியது பட்டியலின் அடுத்த பத்தி. 'மைதானம்' என்று தலைப்பு. அதன் கீழே ஐந்து பள்ளிக்கும் ஒரே பதில் — 'கேம்ப்'. கட்டடத் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பின் மணல்வெளி. ஒருவரிடமும் சொந்த மைதானம் கிடையாது. நீச்சல் குளத்துக்காரர்களிடமும் இல்லை. எங்களிடமும் இல்லை!

கீழே ஒரு விதி. 'ஒரு பள்ளிக்கு ஆள் குறைந்தால், அதிகம் உள்ள பள்ளி தர வேண்டும்.' வளைகுடாவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். போன வாரம் கோல் போட்ட பையன் இந்த வாரம் திருச்சியில் இருப்பான். அப்பாவின் வேலை போனால் மொத்தக் குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சீசன் நடுவில் டீமே கரைந்துவிடும். அதனால் இந்த ஏற்பாடு. அதற்கும் கீழே எங்கள் பள்ளியின் பெயருக்கு நேரே ஒரு குறிப்பு: 'ஒன்பது பேர் மட்டும். வில்லா பள்ளியிலிருந்து இருவர்.' பக்கத்தில் எங்கள் பள்ளி பி.டி. ஆசிரியரின் கையெழுத்து.

ரகுநாதன்.

அந்த டைக்குள்ளே ஒரு விசில் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

பக்கத்தின் கடைசியில் 'கேம்ப் தொடர்பு: முத்துவேல்' என்று இருந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அட, நம்ம முத்துவேல் அண்ணன்! இப்ப எங்க சைட்ல ஃபோர்மேன்" என்று நம்பரைக் கொடுத்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். போன் போட்டால், நேற்று நடந்தது போலச் சொன்னார்.

"ஆமாம்மா. சண்ட முடிஞ்ச புதுசு. பாலைவனத்துல எங்கிட்டு கண்ணிவெடி கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? புள்ளைங்கள வெளிய விட பயந்தாங்க. எங்க கேம்ப் கிரவுண்டுல நாங்க தெனம் நடக்குறோம், ஒண்ணும் ஆகல. அதான் வாத்தியாருங்க வந்து கேட்டாங்க. வெள்ளிக்கெழம பத்து மணி வரைக்கும் விட்டுக் குடுத்தோம்."

"கோடெல்லாம் யார் போட்டது?"

"நாந்தேன். சுண்ணாம்புக்கு எங்க போறது? ஜெனரேட்டர்ல வடிச்ச வேஸ்ட் ஆயிலத்தான் மணல்ல ஊத்துவேன். நல்லா கருகருன்னு நிக்கும். என்ன, புள்ளைங்க சாக்ஸுல பட்டா போவாது. அம்மாமாருங்க என்னையத் திட்டாத திட்டில்ல." சிரித்தார்.

"வாரத்துல உங்களுக்கு லீவே அந்த ஒரு நாள்தானே அண்ணே? ஏன் விட்டுக் கொடுத்தீங்க?"



"எம் மவன் அப்ப ஊர்ல ஆறாவது படிச்சான். அவன் ஓடி வெளையாண்டு நான் பாத்ததே இல்லம்மா. அந்தக் கூட்டத்துல எவனாச்சும் ஒருத்தன் அவன் ஒசரத்துக்கு இருப்பான். அவனையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்." பிறகு அவரே பேச்சை மாற்றினார். "ஆமா, இப்ப கோடு எதுலம்மா போடுறாங்க?"

"பெயிண்ட் அண்ணே."

"நல்லதுதேன். சாக்ஸுல ஒட்டாது."

போனை வைத்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு ரூமில் பத்துப் பேராகப் படுத்து எழுந்தவர்கள், வாரத்தின் ஒரே காலையை ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை புல்லை வைத்துக்கொண்டு நாங்கள்? தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதிலும் நான் சமோசாவும் கையுமாக.

அடுத்த மீட்டிங்குக்கு ஒரு சொற்பொழிவே தயார் செய்துகொண்டு போனேன். ரகுநாதன் சார் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் மறந்தது. எழுந்து போய்ப் பட்டியலை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். ரொம்ப நேரம் படித்தார்.

"இது என் கையெழுத்துதான்" என்றார். "இந்த ரெண்டு பசங்க... ஒருத்தன் பேர் மறந்துபோச்சு. இன்னொருத்தன் செமிஃபைனல்ல ரெண்டு கோல் போட்டான். அவன் இல்லேன்னா அந்த வருஷம் நமக்குக் கப் ஏது?"

பக்கத்தில் ஒருவர், "இருந்தாலும் ரூல்னா ரூல்தானே சார்..." என்று ஆரம்பித்தார்.

"அந்த ரூல் அன்னிக்கு இருந்திருந்தா அஞ்சு ஸ்கூலும் வெளியதான் சார். கேம்ப் ஆளுங்க மட்டும்தான் ஆடியிருக்கணும்." சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்து நாலாவது ஐட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இதை நான்தான் கொண்டுவந்தேன், நானே வாபஸ் வாங்கறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" இந்த முறை ஒரு கைகூட எழவில்லை. ஜெரால்டு சார் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை சாயங்காலம் எங்க கிரவுண்ட் சும்மாத்தான் கிடக்கு. உங்க டீமுக்கு அதுதான் இனிமே கிரவுண்ட். எழுதிக்கோங்கோ."

ஜெரால்டு சார் எழுந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"சார், ஒரு காரியம். பிள்ளைய புல்லுல வெளையாண்டதே இல்ல. வழுக்கி விழுவானுவ. மேட்சுக்கு முன்ன ரெண்டு நாள் பழக விட்டா கொள்ளாம்."

மனுஷர் என்றால் இவரல்லவா மனுஷர்! கிடைத்த இடத்தில் உருகி நிற்காமல், பிள்ளைகளுக்கு அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டார் பாருங்கள். அவர் கேட்டது இரண்டு நாள்; ரகுநாதன் சார் நாலு நாள் கொடுத்தார்.

முந்தாநாள் வியாழக்கிழமை முதல் மேட்ச். எங்கள் பள்ளிக்கும் வில்லா ஸ்கூலுக்கும். முத்துவேல் அண்ணனை அழைத்திருந்தேன். டூட்டியை மாற்றிக்கொள்ள முடியாமல் அவரால் வர முடியவில்லை. ஸ்கோர் போர்டில் ஒரு பக்கம் 'ஹோம்', மறுபக்கம் 'விசிட்டர்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். ரகுநாதன் சார் ஏணி கொண்டுவரச் சொல்லி, 'விசிட்டர்' மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, அங்கேயும் 'ஹோம்' என்று எழுத வைத்தார்.

சிமெண்டில் பழகிய கால்களுக்குப் புல் என்றால் கேட்கவா வேண்டும்? விழுவதற்குப் பயமே இல்லாமல் பறந்தார்கள் பிள்ளைகள். வில்லா ஸ்கூல் இரண்டு, நாங்கள் ஒன்று. என் மகன் கடைசிப் பத்து நிமிஷம் இறங்கி, ஒரு நல்ல பந்தைக் கேலரிக்கு அனுப்பி வைத்தான்.

காரில் வீடு வரும்வரை உர்ரென்று இருந்தான். கதவைத் திறக்கும்போது வெடித்தான். "மாம், திஸ் இஸ் ஆல் பிகாஸ் ஆஃப் யூ!"

தோற்பதற்கும் எதிரே ஒரு டீம் வேண்டுமே, கண்ணா!