நாளைக்கு வர வேண்டாம்

அயர்லாந்தில் நான் வேலை செய்யும் மருத்துவமனையின் தலைமை நர்ஸ், தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்கிறார். இரண்டு வருடங்கள் ஆகியும் எனக்கு ‘மேடம்’தான் வாயில் வருகிறது. போன வாரம் புயலில் சாலைகள் அடைபட்டுப் பாதிப் பேர் வேலைக்கு வர முடியவில்லை. வந்திருந்த எங்களைக் கூடுதல் ஆட்களாக அவசரப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மாலை தலைமை நர்ஸ் வந்து, “நாளைக்கு நீ வர வேண்டாம்” என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “நான் என்ன தப்பு செய்தேன்?” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அவர் திகைத்துப்போனார். “ஒரு தப்பும் இல்லை. மூன்று நாளாக நிற்கிறாய். போய்த் தூங்கு. நாளைக்கு உனக்கு விடுமுறை.”

அந்தக் கோபம் அவர்மேல் இல்லை. அதே வார்த்தையைச் சேலத்தில் கேட்டவள் நான்.

கொரோனா இரண்டாம் அலையின்போது அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸ்களாகச் சேர்ந்தோம். மோகனூரிலிருந்து நான், ஜலகண்டாபுரத்திலிருந்து பூங்கொடி. சேர்க்கும்போது எங்களைத் தெய்வங்கள் என்றார்கள். ஐந்தாவது வாரம் பூங்கொடிக்கே மூச்சு முட்டியது. ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய கட்டில் ஒன்று காலியாக இருந்தது. அலுவலகத்தில் போய்க் கேட்டேன்.

“அது ரெகுலர் ஸ்டாஃபுக்குங்க. நீங்க டெம்பரரி” என்றார் அங்கிருந்தவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நோயி மட்டும் ரெகுலரா டெம்பரரியான்னு கேட்டுட்டுங்களா வருது?”

அவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். அவளை நடைவழியில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, சிலிண்டரை நாங்களே உருட்டிக்கொண்டு வந்தோம். உங்களில் யாராவது அன்று அவளைத் தாண்டிப் போயிருக்கலாம். பிழைத்துக்கொண்டாள். அவள் வேலைக்குத் திரும்பிய அன்றே எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்கள்: “கேஸ் கொறஞ்சிருச்சு. நாளைக்கு வர வேண்டாங்க.” இன்றும் மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு இரைக்கிறது.

நேற்று அவளே ஃபோன் செய்தாள். காய்ச்சல் பரவுகிறதாம். அதே ஆஸ்பத்திரியில் மறுபடியும் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்களாம்.

“திங்கக்கெழம சேர்றேனுங்க்கா.”

“உனக்குச் சூடு சொரணையே இல்லையாடி?”

“இருக்குதுங்க்கா. படுத்துக் கெடக்கறவங்க நம்மள என்ன பண்ணுனாங்க?”

இன்னும் திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அயர்லாந்து மழையில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, “ஜன்னலோரம் மூணாவது கட்டிலு ஆக்சிஜன் மீட்டர்ல அளவு காட்டற குண்டு சிக்கிக்கும். இன்னும் மாத்தியிருக்க மாட்டானுங்க. தட்டிப் பாக்காம நம்பிராத” என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பஸ் வந்தது, நின்றது, நான் ஏறாமலே போனது.