பிராங்க் சாருக்குத் தெரியாததா

சிங்காநல்லூர்ப் பக்கம் பாலிடெக்னிக் முடித்தவர்களில் பிராங்க் சாரிடம் ஜாவா படிக்காதவர்கள் குறைவு. கரும்பலகை நிறைய எழுதிப் போடுவார். யாராவது தூங்கினால் சாக்பீஸ் பறக்கும். மில் தொழிலாளி மகன் வாத்தியார் ஆனதில் தெருவுக்கே பெருமை. அப்புறம் என்ன, கல்லூரியில் சேர ஆளில்லை, இழுத்து மூடிவிட்டார்கள். இன்சூரன்ஸ் பிடிக்கப் போனார். ஒருத்தரையும் வற்புறுத்தத் தெரியாத மனுஷனுக்கு அந்தத் தொழில் ஓடுமா? கடைசியில் சரவணம்பட்டியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில், தலை நரைத்த பிறகு, பயிற்சி ஆளாகச் சேர்ந்தார்.

சேர்த்துவிட்டவள் இளவேனில், அவருடைய பழைய மாணவி. இப்போது அவருக்கு மேலதிகாரியும் அவள்தான். அவர் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பாள். அவளைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் நிற்பார்கள். ஒரு பயிற்சி ஆளுக்கு மொத்த ஆபீசும் எழுந்து நிற்கிற கூத்தை வேறெங்கே பார்ப்பது! ஆறு மாதம் பார்ப்பார்கள். தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. "இந்த வேலையாவது நெலைக்கட்டும் மாதாவே" என்று மனைவி சாராள் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் முட்டி போட்டாள்.

அவருக்குக் கொடுத்த வேலை, பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஜாவாவில் ஒரு அப்ளிகேஷன். எந்த மோட்டார் யாருக்குப் போனது, எது பழுதாகித் திரும்பியது என்பதெல்லாம் அதில் பதிவாகும். பிராங்க் அருமையாகத்தான் எழுதினார். ஆனால் அந்த விவரமெல்லாம் போய்ச் சேருகிற டேட்டாபேஸ் கிளவுடில் இருந்தது. அவர் காலத்தில் அது லேப் மேஜைக்கு அடியில் இருக்கும், காலை நீட்டினால் தட்டுப்படும். இப்போது எங்கோ மும்பையில், வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில் இருக்கிறது. எந்த இன்டர்நெட் இணைப்பிலிருந்து கூப்பிடுகிறோமோ அதன் எண்ணை முதலிலேயே அதனிடம் சொல்லி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால், அடுக்குமாடி வாட்ச்மேன் மாதிரி, வாசலில் நிற்கிறவரை நிமிர்ந்துகூடப் பார்க்காது.

இது பிராங்க்குக்குத் தெரியாது. சேர்ந்த புதிதில் வீட்டிலிருந்து வேலை பார்த்த அன்று இணைப்பு கிடைக்கவில்லை. போன் போட்டார்.

"அம்மணி, கனெக்ட் ஆக மாட்டேங்குதே?"

"ஒரு நிமிஷமுங்க சார்... இப்பப் பாருங்க."

ஆகிவிட்டது. என்ன செய்தாள் என்று அவர் கேட்கவில்லை. மாணவியிடம் போய்ச் சந்தேகம் கேட்க வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தார், அந்தத் தொல்லையே வரவில்லை. லைன் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

ஆறாவது மாதம் இளவேனில் அவர் மேஜைக்கு வந்து நின்றாள்.

"மோட்டார் கம்பெனிக்கு நீங்க தனியாப் போய் ஓட்டிக் காட்டணுமாங்க சார். சென்னையிலிருந்து நம்ம கம்பெனிப் பெரியவர் வீடியோவுல பாப்பாரு. நிரந்தரம் பண்றதே இத வெச்சுத்தானுங்க."

"அதுக்கென்ன அம்மணி, ஜமாய்ச்சுப்போடலாம்" என்றார்.

மோட்டார் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் வாசல்வரை வந்து கைகூப்பி அழைத்துப்போனார். இளநீர் வந்தது. லேப்டாப்பில் ஒரு கட்டத்தில் சென்னைப் பெரியவர் முகம், இன்னொரு கட்டத்தில் இளவேனில் முகம். பிராங்க் போனைச் சைலண்டில் போட்டு, கம்பெனியின் வைஃபையில் சேர்ந்து, அப்ளிகேஷனை ஓடவிட்டார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் சிவப்பு எழுத்தில் 'டைம்டு அவுட்' என்று வந்தது, காத்திருந்து பார்த்தும் பதில் இல்லையாம்.

மறுபடி ஓட்டினார். மறுபடி அதேதான். கடவுச்சொல்லைப் பார்த்தார், சரி. முகவரியைப் பார்த்தார், சரி. ஜாவா வரிகளை மேலிருந்து கீழே படித்தார். தப்பு அங்கே இருந்தால்தானே கண்ணில் படும்! நன்றாக இருந்த இரண்டு வரியை மாற்றினார். அது புதுப் பிழை ஒன்றைக் கொண்டுவந்து கொட்டியது. மாற்றியதைத் திரும்ப மாற்றினார், பழைய சிவப்பு எழுத்தே மறுபடி வந்தது.

"ஏனுங்க சார், பொறுமையாப் பாருங்க. நம்ம மோட்டாரே மொதத் தடவை தண்ணி எடுக்காதுங்க" என்றார் பொங்கியண்ணன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பிராங்க்குக்கு.

இளவேனில் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். நம்மால் இந்தப் பிள்ளைக்கும் தலைகுனிவு என்று நினைத்துக்கொண்டார்.

"ஓகே, பரவாயில்லை" என்றார் சென்னைப் பெரியவர். "இளவேனில், சாயங்காலத்துக்குள்ள உங்க முடிவை அனுப்பிருங்க." அவர் முகம் இருந்த கட்டம் இருண்டது.

பஸ்ஸில், துடியலூர் தாண்டித்தான் போனை எடுத்துப் பார்த்தார். இளவேனில் வரிசையாகச் செய்தி அனுப்பியிருந்தாள். 'சார், அந்த வைஃபையோட நம்பர் வேணுங்க.' 'சார், போனப் பாருங்க சார்.' 'அதுக்கு அனுமதி குடுத்தாத்தான் கனெக்ட் ஆகுமுங்க சார்.'

ஆபீசுக்குள் போனதும் அவள் எழுந்து நின்றாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணே சொன்னது.

"வீட்டுல எப்படி அம்மணி இத்தனை நாள் கனெக்ட் ஆச்சு?"

"உங்க வீட்டு நம்பர் கரண்ட்டு போனா மாறிப்போயிருமுங்க சார். காலையில வந்ததும் பாத்து, நானே சேத்துப்போடுவேனுங்க."

"தெனமுமா?"

"ஆமாங்க சார்."

"ஏன் எங்கிட்டச் சொல்லலே?"

"உங்களுக்குப் போயி நான் எப்படிங்க சார் சொல்றது? இன்னைக்குக்கூட, பெரியவர் முன்னால உங்களுக்கு இது தெரியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு எழலீங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது பிராங்க்குக்கு. யார்மேல் காட்டுவது? மரியாதை கொடுத்த குற்றத்துக்கு ஒரு பிள்ளையைத் திட்ட முடியுமா? கேட்காமல் இருந்தது இவர்தானே!

"பெரியவருக்கு என்னன்னு எழுதட்டுமுங்க சார்? நீங்களே சொல்லுங்க."

அடப்பாவமே, வேலை போகிறது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

"தனியாச் செய்ய முடியலேன்னு எழுது கண்ணு. அதுதானே நெசம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டெழுதி அனுப்பினாள். இனி சாராளிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். ஆபீஸ் இணைப்பை விட்டுவிட்டு, அனுமதி வாங்காத தன் செல்போனிலிருந்து நெட் எடுத்து, லேப்டாப்பைத் திறந்து, அப்ளிகேஷனை ஓடவிட்டார். அதே வட்டம், அதே சிவப்பு எழுத்து. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மணி, எனக்கு இது தெரியாது. சொல்லிக் குடு. இன்னொரு எடத்துல வேலை கேக்கப் போறப்போ வேணும்."

"ஐயோ, இதுக்கென்னங்க சார்" என்று கண்ணைத் துடைத்தபடி அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரல்கள் கடகடவென்று ஓடின. ஏதோ ஒரு பக்கம் திறந்தது, ஏதோ ஓர் எண் ஏறியது, பக்கம் மூடியது.

"ஆயிருச்சுங்க சார்" என்று இரண்டு கையாலும் லேப்டாப்பை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

எங்கே போனாள், எதை அமுக்கினாள், ஒன்றையும் பிராங்க் பார்க்கவில்லை. இன்னொரு தடவை கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"சரி அம்மணி" என்றார்.