கலசம் வைத்த இன்ஜின்

சித்தப்பா செய்த ரயில் இன்ஜினில் என் வேலையும் கொஞ்சம் இருக்கிறது. கொட்டாங்கச்சிக் கரியைப் புளியங்கொட்டை அளவுக்கு உடைத்துக் கொடுத்தேன். சக்கரங்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். கடைசியில் யாருக்கும் தெரியாமல் ஒரு நட்டை இறுக்கினேன். கரி உடைத்ததையும் பெயின்ட் அடித்ததையும் அப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நட்டை இறுக்கியதை இப்போதுதான் சொல்கிறேன்.

நான் அப்போது ஐந்தாவது படித்தேன். நாமக்கல்லை ஒட்டிய எங்கள் ஊரில் அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தார். அப்பாவின் தம்பியான சித்தப்பா, டவுனில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். லாரிக்கு வேண்டிய புஷ், பின் எல்லாம் கடைந்து கொடுக்கிற பட்டறை. கல்யாணம் ஆகாததால் எங்களோடுதான் இருந்தார். அவர் அதிகம் பேச மாட்டார். நானும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் யாராவது பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தால் அந்த அறையில் ஆள் இருப்பதே தெரியாது என்று அம்மா சொல்வார்.

நாமக்கல்லுக்கு அந்தக் காலத்தில் ரயில் கிடையாது. சித்தப்பா பட்டறைச் சாமான் வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும்போதெல்லாம், திரும்பும் வழியில் ஜங்ஷனுக்குப் போய்க் கரி இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஒருநாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஓர் இன்ஜினை வரைந்தார். இதைச் செய்யப் போகிறேன் என்றார். தள்ளி விளையாடுகிற பொம்மை இல்லை. தண்ணீர் ஊற்றித் தீப்போட்டால் ஆவியில் தானாக ஓடுகிற இன்ஜின், என் கைக்கு ஒன்றரை முழம் நீளத்தில்.

செய்து முடிக்க இரண்டு வருடம் ஆனது. லாரியின் உடைந்த பிரேக் டிரம் துண்டைக் கடைந்து சக்கரம் செய்தார். தேய்ந்துபோன புஷ்ஷிலிருந்து சிலிண்டர் வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய செம்புத் தகட்டைச் சுருட்டிப் பாய்லர் ஆக்கினார். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் உருகிவிடும் என்று, ஊரில் நகை செய்கிற ஆசாரியிடம் கொண்டுபோய் வெள்ளி வைத்துப் பற்றவைத்து வந்தார். ஆவி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் முள், ஏதோ ஒரு பழைய லாரியின் ஆயில் மீட்டர். எங்கள் ஊர் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் பாய்லருக்கென்று மழைத் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் மூடி வைத்திருந்தோம். அதிலிருந்து யாராவது ஒரு சொம்பு மொண்டால் நான் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவேன்.

பண்ணையில் குஞ்சு வளர்க்காமல் காலியாகக் கிடந்த அறைதான் எங்கள் பட்டறை. நான் கரி உடைப்பேன், அவர் அரம் போடுவார். சித்தப்பாவின் சம்பளமெல்லாம் பித்தளையாக மாறி வீட்டுக்கு வருகிறது என்று அப்பாவுக்கு எரிச்சல். முட்டை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்:

“ஊருக்கே ரயில் இல்ல. எந்தம்பி ஊட்டுக்கு ரயில் உடறான்.”

அவர்கள் சிரிப்பார்கள். சித்தப்பா அரத்தைத் தட்டித் துடைத்துக்கொண்டிருப்பார்.

இன்ஜின் முடிகிற சமயத்தில் பண்ணையில் வேலைக்கு இருந்த ஆள் நின்றுவிட்டார். அப்பாவுக்குத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது சித்தப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“வார ஞாயித்துக்கெழம அல்லாரையும் கூப்படறேன். உன்ற ரயில் ஓடுச்சுன்னா நீ காலத்துக்கும் இரும்பைக் கடைஞ்சுக்க, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். ஓடலைன்னா திங்கக்கெழம பண்ணைக்கு வந்தரோணும்.”

“சரிங்கண்ணா” என்றார் சித்தப்பா.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். சித்தப்பா லேத்துக்கு முன்னால் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஓரமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிற மனிதர் அங்கே நிமிர்ந்து நிற்பார். பட்டறை முதலாளிகூட அவர் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் பேசுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா இன்ஜினை இரண்டு கட்டைகளின் மேல் தூக்கி வைத்துத் தீப்போட்டுப் பார்த்தார். முள் மெல்ல ஏறி, என் சிவப்புப் பெயின்ட்டால் அவர் போட்டிருந்த கோட்டைத் தொட்டது. சக்கரங்கள் அந்தரத்தில் கடகடவென்று சுற்றின. எனக்குக் கை தட்டத் தோன்றியது. ஆனால் அதே நேரத்தில் பாய்லரின் உச்சியிலிருந்து புஸ்ஸென்று ஆவி பீறிட்டது. அங்கே ஒரு சைக்கிள் பேரிங் குண்டு, அதன் மேல் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்க ஒரு நட்டு. கோட்டைத் தொட்டதும் அந்தக் குண்டு எழும்பி ஆவியை வெளியே விடுகிறது. சித்தப்பா முள்ளையும் அதையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஏனென்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான் சொன்னார். “இத்தன ஆவி மேல வீணாப் போனா இது எங்க ஓடப் போவுது?”

அன்றைக்கு எனக்குத் தூக்கம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா இட்லி ஊற்றினார். இட்லிச் சட்டியின் மூடி சரியாக உட்காராது. எப்போதும் ஓர் ஈரத்துணியைச் சுருட்டி மூடியின் விளிம்பைச் சுற்றித் திணித்துவிடுவார். ஆவி போனால் இட்லி வேகாது என்பார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா சொன்னதும் அம்மா செய்வதும் ஒன்றுதான். சித்தப்பாவுக்குச் சமையல் தெரியாது, அதனால் இது தோன்றவில்லை.

அவர் குளிக்கப் போயிருந்தார். இன்ஜின் வாசலில், முருங்கை மரத்தைச் சுற்றிப் போட்டிருந்த தண்டவாளத்தில் தயாராக நின்றது. பக்கத்தில் விரித்த துணியில் ஸ்பேனர்கள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக இருந்தன. நான் கடைசி ஸ்பேனரை எடுத்து, அந்த நட்டை அதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும் இறுக்கினேன். உள்ளங்கை கன்றிச் சிவந்துவிட்டது. ஸ்பேனரை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே போய் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

பத்து மணிக்கெல்லாம் வாசல் நிறைந்துவிட்டது. சொந்தக்காரர்கள், முட்டை வியாபாரிகள், தீவனக்கடைக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் தண்டவாளத்தை ஒட்டி முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். என் தம்பி இன்ஜினுக்கு ஒரு சாண் தள்ளிக் குப்புறப் படுத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தப்பா தீப்போட்டு, ஆசாரியிடம் கேட்டு வாங்கிய ஊதுகுழலால் ஊதினார். முள் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. சத்தம் இல்லை. ஒரு பொட்டு ஆவி வெளியே வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முள் கோட்டைத் தாண்டியது.

ஆவியைத் திறந்துவிடும் பிடிக்குப் போன சித்தப்பாவின் கை பாதியில் நின்றது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“அண்ணா, கொழந்தைகளை அக்கட்ட கூட்டிட்டுப் போங்க.”

“ஓடற நேரத்துல எதுக்குடா?”

“கூட்டிட்டுப் போங்க.”

சித்தப்பா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. மறுபேச்சுப் பேசாமல் தம்பியைத் தூக்கிக்கொண்டு மற்றப் பிள்ளைகளையும் விரட்டினார். சித்தப்பா பக்கத்தில் கிடந்த ஈரச்சாக்கை இன்ஜின் மேல் போர்த்தினார். எங்களுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அடியிலிருந்த தீயை ஒரு கம்பியால் இழுத்து மண்ணில் தள்ளினார். பிறகு விசிலைத் திறந்தார். இன்ஜின் நின்ற இடத்திலேயே கத்த ஆரம்பித்தது. காதைப் பொத்திக்கொண்டோம். கத்திக் கத்தி, குரல் கம்மி, அப்படியே அடங்கிப்போனது. ஒரு சாண் தூரம்கூட நகரவில்லை.

முதலில் சிரித்தவர் தீவனக்கடைக்காரர். “பண்ணக்காரர் ஊட்டு ரயிலில்லீங்களா, அதான் கூவிப்போட்டு நின்னுக்குச்சு” என்றார். வாசலே சிரித்தது. அம்மா மட்டும், இன்னொரு முறை தீப்போட்டுப் பார்க்கலாமே என்றார். பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பாய்லரைச் சோதித்துப் பார்க்காமல் இனி தீப்போட மாட்டேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

“என்னாச்சுடா?” என்றார் அப்பா.

சித்தப்பா சாக்கை விலக்கி இன்ஜினின் உச்சியைக் குனிந்து பார்த்தார். விரித்திருந்த துணியைப் பார்த்தார். வரிசையில் கடைசி ஸ்பேனர் மட்டும் தலைகீழாகத் திரும்பியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் பெரியம்மா மகளின் தாவணிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். அழுகிறேனே என்றுதான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“பாய்லரைப் பத்த வெச்சது சரியில்லீங்கண்ணா. என்ற தப்புத்தான்” என்றார்.

“அப்ப நாளைக்குப் பண்ணைக்கு வந்துரு.”

“வாரேனுங்க.”

அவ்வளவுதான். ஒன்றேகால் வருடம் சித்தப்பா பண்ணையில் தீவனம் போட்டார், முட்டை பொறுக்கினார், எரு அள்ளினார். முட்டை ஏற்ற வருகிற லாரிக்காரர்கள்கூட, ரயில் எப்போது புறப்படும் என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைத் தூக்குவார்கள். அவரும் கூடச் சிரிப்பார். இன்ஜின் குஞ்சு அறையில் சாக்கு மூடிக் கிடந்தது.

சில மாதம் கழித்து ஒருநாள் அவர் இன்ஜினைப் பட்டறைக்கு எடுத்துப் போய் வந்தார். பாய்லரின் உச்சியில் இப்போது பளபளவென்று ஒரு பித்தளை மூடி. நட்டு, ஸ்பிரிங் எதுவும் வெளியே தெரியாதபடி மூடிப் பற்றவைத்திருந்தார். சுற்றிலும் ஊசித் துளைகள், மேலே சின்னதாக ஒரு கூர். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கோயில் கோபுரத்துக் கலசம் மாதிரி இருக்கிறது என்றேன். “ஆமா சாமி, கலசந்தான்” என்றார். வாயே திறக்காத நான், எங்கள் இன்ஜினுக்குக் கலசம் வைத்திருக்கிறோம் என்று வகுப்பில் நாலு பேரிடம் வலியப் போய்ச் சொன்னேன்.

அடுத்த வருடம் மழைக்காலம் முடிந்த பிறகு, யாரையும் கூப்பிடாமல் ஒரு சாயங்காலம் தீப்போட்டார். முள் கோட்டைத் தொட்டதும் கலசத்தின் துளைகளிலிருந்து ஆவி புஸ்ஸென்று பூப்போல விரிந்தது. அவர் பிடியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு தடவை குலுங்கிவிட்டு ஓடியது. முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி, இருபது முப்பது சுற்று ஓடியது. முட்டைத் தட்டுகளோடு வந்த அப்பா அதே இடத்தில் நின்றுவிட்டார். வெகுநேரம் பார்த்தபின், “ஆவி வீணாப் போவுதேடா” என்றார். “போகட்டுங்கண்ணா” என்றார் சித்தப்பா. அப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பண்ணைக்கு வேறு ஆள் வந்தார். சித்தப்பா பட்டறைக்குப் போனார்.

எனக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறேன். அங்கே இட்லியும் சோறும் வேகிறது பாய்லர் ஆவியில்தான். போன மாதம் பாய்லரைப் பார்க்க வந்த பையன், அதன் தலையில் இருந்த ஒரு வால்வுக்குக் கம்பி கட்டி ஈயத்தில் முத்திரை வைத்துக்கொண்டிருந்தான். அதில் அடிக்கடி ஆவி போகிறதே, கொஞ்சம் இறுக்கி விடக்கூடாதா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, அது ஓட்டையில்லீங்க, கதவு. ஆவி மிஞ்சிப்போனா வெளிய போறதுக்கு இருக்கற ஒரே கதவு. அதை இறுக்கிட்டீங்கன்னா பாய்லரு வெடிக்கும். பக்கத்துல நிக்கற ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்.”

என் கையில் இருந்த கரண்டியை மேடைமேல் வைத்தேன். தண்டவாளத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குப்புறப் படுத்திருந்த தம்பியின் முகம் அப்படியே கண்முன் வந்தது. இன்ஜினுக்கு எதிரே உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் முதுகு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சொந்த லேத் போட்டு நடத்தி, இப்போது மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கிறார். இன்ஜின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. காப்பி ஆறும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், அந்த மூடியை எதற்குப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

“அழகுக்குத்தான் சாமி” என்றார். “நீதான கலசம்னு சொன்ன.”

அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. சித்தப்பா பண்ணைக்கு வந்த முதல் நாள். முந்தின நாள் முழுக்க அழுதவள்தான் நான். ஆனால் விடிந்ததும், இனிமேல் அவர் பகலெல்லாம் எங்களோடுதான் இருப்பார் என்பது உறைத்து, ஒரே சந்தோஷம். பள்ளிக்கூடம் போகும் முன் அவர் பின்னாலேயே கூண்டுகளுக்கு நடுவில் முட்டை பொறுக்கிக்கொண்டு போனேன். “ரயில் ஓடாததே நல்லதாப் போச்சுங்க சித்தப்பா” என்றேன்.

அவர் நின்று திரும்பினார். இன்னும் சிவந்திருந்த என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, களத்தில் கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்த தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆமா சாமி. அல்லாரும் நல்லா இருக்கறோமில்ல, அது போதும்.”

நான் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. முட்டை உடையாமல் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனேன்.