சுப்புராஜ் சாப்பிட்ட பௌர்ணமிகள்

தாயை இழந்தவர்கள் சித்ரா பௌர்ணமி அன்று விரதம் இருப்பார்கள். பண்ணைக்காட்டில் ஜீப் ஓட்டும் சுப்புராஜ் அன்றைக்கென்று பார்த்துத்தான் வயிறு முட்டச் சாப்பிடுவான். காலையிலேயே கடைவீதியில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்து இட்லி தின்பான். அவன் தாய் குப்பம்மாள் செத்துப்போனாள் என்று யார் சொன்னது?

ஐந்து வருஷத்துக்கு முன்பு, ஒரு பங்குனி மாதத்தில், கண் காட்டுவதற்காக அவளை வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போனான். அப்போதே அவளுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனான். இரண்டு டீயோடு திரும்பியபோது பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள்.

போலீசில் எழுதிக் கொடுத்தான். திண்டுக்கல், மதுரை, பழனி அடிவாரம் என்று போட்டோவோடு அலைந்தான். பிறகு சவாரி போகும் ஊர்களிலெல்லாம், கோயில் வாசலைக் கண்டால் அவன் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

அய்யம்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா ராக்காயி, சித்திரை பிறந்தால் போன் செய்துவிடுவாள்.

"ஏலே, இந்த வருசமாச்சும் வெரதம் இருப்போம்டா. ஆத்தா பசியோட அலையக் கூடாதுல்ல."

"உசுரோட இருக்கிற ஆத்தாவுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கச் சொல்றியா? போனை வையிக்கா."

இந்த வருஷம் மிளகு வியாபாரி முத்து முகம்மது அவனைத் தேடி வந்தார். குப்பம்மாளை நன்றாகத் தெரிந்தவர். ரம்ஜானுக்குச் சாப்பாடு கொடுக்க, மலைக்குக் கீழே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தார்.

"சுப்பு, நாளைக்கு வேற சோலி வச்சுக்காதப்பா. ஒரு எடத்துக்குப் போவணும்."

"லோடா பாய்?"

"லோடு இல்ல."

இல்லத்தின் கூடத்தில், இறந்துபோனவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒரு படத்தின் முன்னால் பாய் நின்றுவிட்டார். முடியை ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். இருந்தாலும் அது குப்பம்மாள்தான்.

"போலீஸ்காரங்க கொண்டாந்து விட்டாங்க. பேர் சொல்லத் தெரியலைங்க. பூரணம்னு நாங்களா கூப்பிட்டோம்" என்றாள் அங்கே வேலை பார்க்கும் ஷர்மிளா. "ஐப்பசி மழையில காய்ச்சல் கண்டு போயிட்டாங்க. ரெண்டரை வருசம் ஆச்சு."

அப்படியானால் அவள் போன பிறகு இரண்டு பௌர்ணமிக்கு அவன் இட்லி தின்றிருக்கிறான்.

"என்னயக் கேட்டாங்களாம்மா?"

ஷர்மிளா பாயைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "புள்ளைங்க இருக்குன்னு சொன்னதே இல்லைங்க. பெரும்பாறையில ஆரஞ்சு பறிக்கப் போன கதையத்தான் சொல்லுவாங்க. சின்னப் புள்ளையாட்டம் சிரிப்பாங்க."

எந்த ஊர்க் கோயில் வாசலிலோ, வருகிற போகிற முகத்தில் எல்லாம் அவள் தன்னைத் தேடிக்கொண்டிருப்பாள் என்றே அவன் நினைத்திருந்தான். அவள் தேடவே இல்லை. தவிக்காமல் போய்ச் சேர்ந்தாள் என்று ஆறுதல் அடையலாம்தான். அவனால் முடியவில்லை. மலைப்பாதையில் பாதி தூரத்தில் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான். பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சித்ரா பௌர்ணமியன்று வெள்ளனே கிளம்பி அய்யம்பாளையம் போனான். மருதாநதியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ராக்காயி வாழைக்காயும் அகத்திக்கீரையும் சமைத்துப் படையல் போட்டாள். காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, ஆத்தா நம்மளப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சாமா?"

அவன் ஒரு கணம்தான் யோசித்தான்.

"ஒன் பேரத்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சாம்க்கா."

அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"ஒன்னய?"

"என்னயும்தான்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தென்னந்தோப்புக்கு மேலே நிலா ஏறியதும் அவள் இலை போட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், உள்ளே இறங்கவில்லை. ரெண்டு வாயாச்சும் சாப்பிடு என்று அக்கா கெஞ்சினாள். அவளுக்காகச் சாப்பிட்டான்.